ஜாங்கோ தளத்தில் தோற்றத் தேர்வு வசதியைச் சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு தளத்தில் இருள் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது, திரை ஒரு கணம் பளீரென்று வெளுத்து, அதன் பின்னரே கருமைக்குத் திரும்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மின்னல் ஏன் வருகிறது என்பது புரிந்துவிட்டால் இந்த வசதியில் பாதி புரிந்துவிடும். எந்தத் தோற்றம் வேண்டும் என்ற குறிப்பே இல்லாமல் பக்கம் சர்வரிலிருந்து புறப்படுகிறது. உலாவி அதை வெள்ளையாக வரைந்துவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், வாசகரின் விருப்பத்தைத் தேடி எடுத்து நிறத்தை மாற்றுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாப் படிகளும் ஒரே நோக்கத்தைச் சார்ந்தவை: வாசகர் தேர்ந்த தோற்றம் சர்வருக்கே தெரிந்திருக்க வேண்டும், பக்கம் அந்தத் தோற்றத்தோடுதான் சர்வரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எடுத்துக்காட்டாக நான் ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்த இந்தப் பைத்தான் ஃபிரேம்வொர்க்கில், வாசகர் விருப்பத்தைக் குக்கியில் (உலாவி சேமித்துவைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) வைத்துக்கொண்டு பக்கத்தை அதற்கேற்பத் தயாரிப்பதற்குத் தேவையான எல்லா உறுப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. ஜாங்கோவின் நிர்வாகப் பக்கங்களே இதற்கு ஒரு முன்மாதிரி. 2021-இல் வந்த 3.2 பதிப்பில், கணினியின் அமைப்பைப் பின்பற்றி அந்தப் பக்கங்கள் இருள் தோற்றத்துக்கு மாறத் தொடங்கின. 2023-இல் வந்த 4.2 பதிப்பில் வெளிர், இருள், தானியங்கி என்று பயனரே மாற்றிக்கொள்ளும் பொத்தான் சேர்ந்தது. ஆனால் அது நிர்வாகப் பக்கங்களுக்கு மட்டுமே. நீங்கள் உங்கள் வாசகர்களுக்காகக் கட்டும் பக்கங்களில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஜாங்கோவில் ஒரு சிறு தளத்தையாவது கட்டி ஓடவிட்டவர், டெம்ப்ளேட், வியூ, யுஆர்எல் ஆகிய சொற்களுக்குப் பொருள் தெரிந்தவர் என்று எண்ணியே உங்களுக்கு எழுதுகிறேன். நிரல்வரிகளை நகலெடுக்கும்படி தராமல், ஒவ்வொரு கோப்பிலும் என்ன எழுத வேண்டும், ஏன் எழுத வேண்டும் என்பதை விளக்குகிறேன். ஒவ்வொரு துண்டும் பத்து இருபது வரிகளுக்கு மேல் போகாது. நீங்களே எழுதினால் பிழை வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எத்தனை தோற்றங்கள்?

நான்கு தேர்வுகள் போதும் என்பது என் முடிவு. கருவியின் அமைப்புப்படி, வெளிர், இருள், உயர் மாறுபாடு. முதலாவதுதான் இயல்பான நிலையாக இருக்க வேண்டும். தன் தொலைபேசியை இருள் தோற்றத்தில் வைத்திருக்கும் ஒருவர் தன் விருப்பத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவரிடம் நம் தளம் மறுபடியும் கேட்கத் தேவையில்லை. உலாவிகள் அந்த விருப்பத்தைச் சிஎஸ்எஸ்ஸுக்குச் சொல்லும் வசதி 2019-இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் அடுத்தடுத்து வந்துவிட்டது. மற்ற மூன்றும், கருவியின் அமைப்பு ஒன்றாக இருக்க, இந்தத் தளத்தை மட்டும் வேறு விதமாகப் படிக்க விரும்புவோருக்கானவை. கணினி முழுவதும் இருளாக இருந்தாலும் நீண்ட கட்டுரைகளை வெள்ளைப் பின்னணியில்தான் படிப்பேன் என்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

ஒரு பக்கத்துக்கு மாற்றுத் தோற்றங்களைத் தருவது புதிய எண்ணம் அன்று. 1997-இன் எச்டிஎம்எல் 4.0 தரநிலையிலேயே மாற்று ஸ்டைல் கோப்புகளை இணைக்கும் முறை இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் காட்சி மெனுவுக்குள் அதற்கான தேர்வை இன்றும் காணலாம். ஆனால் அந்த மெனு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, குரோமில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதனால்தான் தேர்வையும் நினைவில் வைத்திருப்பதையும் தளமே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் படி: சிஎஸ்எஸ்ஸை ஒழுங்குபடுத்துதல்

பைத்தான் பக்கம் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். உங்கள் ஸ்டைல் கோப்பு முழுவதும் சிதறிக்கிடக்கும் நிறங்களை எல்லாம் மாறிகளாக மாற்ற வேண்டும். பெயர் வைக்கும்போது நிறத்தின் பெயரை வைக்காமல் அது செய்யும் வேலையின் பெயரை வையுங்கள். பின்னணி, எழுத்து, மங்கலான எழுத்து, இணைப்பு, கோடு, எச்சரிக்கை என்று ஏழெட்டுப் பெயர்களே பெரும்பாலான தளங்களுக்குப் போதும். 'வெள்ளை' என்று பெயரிட்ட மாறி இருள் தோற்றத்தில் கருநீலமாக இருப்பது அடுத்து வருபவரைக் குழப்பும்.

பிறகு அந்த மாறிகளுக்கு நான்கு இடங்களில் மதிப்புத் தர வேண்டும். வேர் உறுப்பில் வெளிர் தோற்றத்தின் மதிப்புகள். அதே விதியோடு, எச்டிஎம்எல் உறுப்பில் 'டேட்டா-தீம்' என்ற பண்பு 'லைட்' என்று இருக்கும்போதும் இவையே பொருந்தும் என்று எழுதுங்கள். அடுத்து, கருவி இருளை விரும்புகிறது என்ற மீடியா நிபந்தனைக்குள் ('ப்ரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம்') வேர் உறுப்புக்கு இருள் மதிப்புகள். மூன்றாவதாக, பண்பு 'டார்க்' என்று இருந்தால் அதே இருள் மதிப்புகள். நான்காவதாக, பண்பு 'கான்ட்ராஸ்ட்' என்றால் உயர் மாறுபாட்டு மதிப்புகள்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். கருவி இருளில் இருக்கிறது, வாசகர் நம் தளத்தில் வெளிரைத் தேர்ந்திருக்கிறார் என்றால் எந்த விதி வெல்லும்? மீடியா நிபந்தனைக்குள் இருக்கும் விதி வேர் உறுப்பை மட்டுமே சுட்டுகிறது. நிபந்தனைக்குள் இருப்பதால் அதற்குக் கூடுதல் எடை கிடைப்பதில்லை. வெளிர் விதியோ உறுப்பின் பெயர், பண்பு இரண்டையும் சேர்த்துச் சுட்டுவதால் அதன் எடை ஒரு படி கூடுதல். ஆகவே கோப்பில் எது முன்னே எது பின்னே என்ற கவலையில்லாமல் வாசகரின் தேர்வே வெல்லும். ஜாங்கோ நிர்வாகப் பக்கங்களின் ஸ்டைல் கோப்புகளும் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு முறை திறந்து படித்துப் பாருங்கள்.

இருள் மதிப்புகளை இரண்டு முறை எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். இரண்டு நிறங்களையும் ஒரே வரியில் தந்து, தோற்றத்துக்கு ஏற்ப ஒன்றை உலாவியே எடுத்துக்கொள்ளச் செய்யும் 'லைட்-டார்க்' என்ற சிஎஸ்எஸ் ஃபங்ஷன் 2024 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் உண்டு. அழகான ஏற்பாடு. ஆனால் பழைய உலாவியில் அதை மாறிக்குள் வைத்தால், மாறி எதையும் ஏற்றுக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் பிழை அங்கே பிடிபடாது. நிறத்தைப் பயன்படுத்தும் இடத்தில்தான் பிடிபடும். அதற்குள் நீங்கள் மேலே எழுதிவைத்த மாற்று நிறத்தையும் உலாவி கைவிட்டிருக்கும். பின்னணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இராது. பல ஆண்டுப் பழைய தொலைபேசிகளில் படிக்கும் வாசகர்கள் உங்களுக்கு இருந்தால் இருமுறை எழுதுவதே நல்லது.

ஒவ்வொரு தோற்றத்திலும் 'கலர்-ஸ்கீம்' என்ற பண்பையும் மறவாமல் கொடுங்கள். அது இல்லையென்றால் பக்கம் கருமையாக இருக்க, உருள்பட்டையும் படிவப் பெட்டிகளும் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியலும் குக்கியைப் படிக்கும் ஃபங்ஷனும்

திட்டத்துக்குள் 'தீம்ஸ்' என்று ஒரு தனிச் செயலியை உருவாக்கி, செட்டிங்ஸ் கோப்பின் செயலிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதற்குள் ஒரு சிறு பைத்தான் கோப்பில், அனுமதிக்கப்பட்ட தோற்றங்களின் பட்டியலை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிரலில் வழங்கும் ஒரு குறுஞ்சொல், வாசகர் பார்க்கும் தமிழ்ப் பெயர் என இரண்டே தகவல்கள். இந்தப் பட்டியல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். படிவம், வியூ, சோதனை எல்லாமே இங்கிருந்துதான் பெயரை எடுக்க வேண்டும்.

அதே கோப்பில் ஒரு ஃபங்ஷன். அது கோரிக்கையைப் பெற்று, அதன் குக்கிகளில் நம் குக்கியைத் தேடி, கிடைத்த மதிப்பு பட்டியலில் இருந்தால் அதைத் திருப்பித் தரும்; இல்லாவிட்டாலோ, குக்கியே இல்லாவிட்டாலோ வெற்றுச் சரத்தைத் தரும். வெற்றுச் சரம் என்றால் கருவியின் அமைப்புப்படி என்று பொருள்.

பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒற்றை வரியைப் புதியவர்கள் விட்டுவிடுவதை அடிக்கடி காண்கிறேன். குக்கியை நாம்தான் வைத்தோம், அதில் வேறென்ன இருக்கப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். குக்கி வாசகரின் கருவியில் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். தோற்றத்துக்கு ஒரு ஸ்டைல் கோப்பு என்று தனித்தனியாக வைத்து, குக்கியில் வந்த பெயரை அப்படியே கோப்புப் பெயராக்கி 'ஸ்டாட்டிக்' டேக்குக்குத் தருபவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. கோப்புப் பெயரோடு கையொப்பம் சேர்க்கும் மேனிஃபெஸ்ட் சேமிப்பு முறையை நீங்கள் பயன்படுத்தினால், பட்டியலில் இல்லாத கோப்பைக் கேட்டவுடன் ஜாங்கோ பிழை எழுப்பும், வாசகருக்கு 500 பக்கம் வரும். உங்கள் கணினியில் டீபக் நிலையில் இது தெரியவே தெரியாது. உண்மையான சர்வரில்தான் தெரியும். நீங்கள் ஒரு தோற்றத்தை நீக்கிவிட்ட மறுநாள், அந்தப் பழைய குக்கியோடு வரும் வாசகர்கள் ஒவ்வொருவரும் பிழைப் பக்கத்தைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: டெம்ப்ளேட்டுக்குக் கொண்டுசேர்த்தல்

இப்போது ஒரு கான்டெக்ஸ்ட் ப்ராசசர் எழுத வேண்டும். கோரிக்கையை வாங்கிக்கொண்டு ஓர் அகராதியைத் திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷன்தான் இது. மேலே எழுதிய ஃபங்ஷனை அழைத்து, இப்போதைய தோற்றத்தையும் முழுப் பட்டியலையும் அகராதியில் வைத்துத் தரட்டும். செட்டிங்ஸ் கோப்பில் டெம்ப்ளேட் அமைப்புக்குள் இருக்கும் கான்டெக்ஸ்ட் ப்ராசசர் பட்டியலில் இதன் முகவரியைச் சேர்த்தால், எல்லா டெம்ப்ளேட்டிலும் அந்த இரண்டு பெயர்களும் கிடைக்கும்.

அடிப்படை டெம்ப்ளேட்டில் எச்டிஎம்எல் தொடக்கக் குறியில், தோற்றம் வெற்றாக இல்லாவிட்டால் மட்டும் 'டேட்டா-தீம்' பண்பை எழுதும்படி நிபந்தனை வையுங்கள். அதோடு தலைப்பகுதியில் 'கலர்-ஸ்கீம்' மெட்டா குறியையும் சேருங்கள்: வாசகர் இருளைத் தேர்ந்திருந்தால் அதில் 'டார்க்' மட்டும், எதையும் தேராவிட்டால் 'லைட் டார்க்' இரண்டும். இந்தக் குறி ஸ்டைல் கோப்பு வந்து சேர்வதற்கு முன்பே உலாவிக்குத் தெரிந்துவிடுவதால், மெதுவான இணைப்பில் வெற்றுத் திரைகூடச் சரியான நிறத்தில் தொடங்கும். உயர் மாறுபாட்டைக் கறுப்புப் பின்னணியில் அமைத்திருந்தால் அதற்கும் 'டார்க்' என்றே தர வேண்டும்.

வெற்று என்றால் இயல்புநிலை என்று நான் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜாங்கோவின் இயல்பான 500 பிழை வியூ, டெம்ப்ளேட்டுக்கு எந்த மாறியையும் அனுப்புவதில்லை. கான்டெக்ஸ்ட் ப்ராசசர்களும் அங்கே ஓடுவதில்லை. அந்தப் பக்கத்தில் நம் மாறி இல்லாமல் போகும்போது பண்பும் எழுதப்படாது. கருவியின் அமைப்பு பொறுப்பேற்றுக்கொள்ளும். எதுவும் உடையாது.

நான்காம் படி: தேர்வைப் பெற்றுக்கொள்ளும் வியூ

ஜாங்கோவில் மொழியை மாற்றுவதற்கென்றே 'செட் லாங்குவேஜ்' என்ற வியூ இருக்கிறது. நாம் எழுதப்போவது அதன் தம்பி. போஸ்ட் கோரிக்கையை மட்டும் ஏற்க வேண்டும். அனுப்பப்பட்ட தோற்றம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குக்கியை வைக்க வேண்டும். வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரோ அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரு சாதாரண இணைப்பைச் சொடுக்கினால் மாறும்படி கெட் கோரிக்கையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். உலாவிகளும் தேடுபொறிகளும் இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்க்கும் பழக்கம் உடையவை. வாசகர் தொடாமலேயே தோற்றம் மாறிவிடும். நிலையை மாற்றும் எதையும் போஸ்ட்டில் வைப்பதே முறை.

திருப்பி அனுப்பும் முகவரியில் கவனம் வேண்டும். அது படிவத்தின் மறைபுலத்தில் வருவதால், அதையும் யாராவது மாற்றி, உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லி வாசகரை வேறொரு தளத்துக்கு இழுத்துச் செல்ல முடியும். இதைத் தடுக்க, 3.0 பதிப்பிலிருந்து 'யுஆர்எல் ஹேஸ் அலவ்ட் ஹோஸ்ட் அண்ட் ஸ்கீம்' என்ற நீண்ட பெயரில் ஒரு ஃபங்ஷன் ஜாங்கோவின் எச்டிடிபி கருவிகளில் இருக்கிறது. முகவரியையும், கோரிக்கை வந்த ஹோஸ்ட் பெயரையும், கோரிக்கை பாதுகாப்பான இணைப்பில் வந்ததா என்பதையும் அதற்குக் கொடுங்கள். சரியில்லை என்று அது சொன்னால் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

குக்கியை வைக்கும்போது ஆயுளை ஓர் ஆண்டாக, அதாவது 3,15,36,000 நொடிகளாக வைக்கலாம். இதைவிடப் பல மடங்கு கூட்டி எழுதுவதில் பயனில்லை. குரோம் எந்தக் குக்கியையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. 'சேம்சைட்' மதிப்பை 'லாக்ஸ்' என்று வையுங்கள், தளம் எச்டிடிபிஎஸ்ஸில் ஓடினால் 'செக்யூர்' என்பதையும் சேருங்கள். வாசகர் கருவியின் அமைப்புக்கே திரும்ப விரும்பினால் வெற்றுக் குக்கியை வைக்காமல் குக்கியையே நீக்கிவிடுங்கள்.

உள்நுழைந்த பயனரின் கணக்கிலேயே தோற்றத்தைச் சேமிக்கலாமே என்று அடுத்து தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. படுக்கையில் தொலைபேசியில் படிக்கும்போது இருளும், பகலில் அலுவலகக் கணினியில் வெளிரும் வேண்டும் என்பதுதான் பெரும்பாலோரின் நடைமுறை. கணக்கில் சேமித்தால் ஓரிடத்தில் மாற்றியது மற்ற இடத்தையும் மாற்றிவிடும்.

ஐந்தாம் படி: படிவம்

நிலாப் படம் போட்ட ஒற்றைப் பொத்தானை நான் விரும்புவதில்லை. நான்கு தேர்வுகளை அது காட்டாது. இப்போது எது நடப்பில் இருக்கிறது என்பதும் அதிலிருந்து தெரியாது. 'தோற்றம்' என்ற தலைப்போடு ஒரு ஃபீல்ட்செட், அதற்குள் நான்கு ரேடியோ பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் தெளிவான தமிழ்ப் பெயர், கீழே 'மாற்று' என்ற பொத்தான். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு, நான்கில் மூன்றாவது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி இதில் தானாகவே போய்ச் சேரும்.

படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்பதை உறுதிசெய்யும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் அதற்குள் அவசியம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டோக்கன் இருக்கும் பக்கம் எதுவானாலும் ஜாங்கோ அதற்குச் சிஎஸ்ஆர்எஃப் குக்கியை வைத்து, பக்கம் குக்கிக்கு ஏற்ப மாறும் என்று ஹெடரிலும் எழுதிவிடும். தளத்தின் அடிப்பகுதியில், எல்லாப் பக்கத்திலும் இந்தப் படிவத்தை வைத்தால் எல்லாப் பக்கமும் அப்படி ஆகிவிடும். ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்துவைத்து மீண்டும் தரும் கேஷை நம்பி ஓடும் தளமாக இருந்தால், படிவத்தைத் தனிப் பக்கத்தில் வைத்து, மற்றப் பக்கங்களில் அதற்கு ஓர் இணைப்பை மட்டும் தாருங்கள்.

ஆறாம் படி: கேஷ்

புதியவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடும் இடம் இது. நானும் யோசிக்காமல் விட்டு ஒரு திங்கட்கிழமை காலையை இதற்குக் கொடுத்திருக்கிறேன். நான் பணியாற்றிய ஒரு தளத்தில் தோற்றத் தேர்வை வெளியிட்ட மூன்றாம் நாள், முகப்புப் பக்கம் எல்லோருக்கும் கறுப்பாக வருகிறது என்று புகார்கள் வந்தன. என் கணினியில் பார்த்தால் கறுப்பு. குக்கியை நீக்கிப் பார்த்தாலும் கறுப்பு. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், குக்கியே இல்லாத எனக்கு, எச்டிஎம்எல் குறியில் 'டார்க்' என்று எழுதி வந்திருந்தது. கேஷின் ஆயுள் முடிந்த நொடியில் முதலில் வந்தவர் இருளைத் தேர்ந்த ஒருவர். அவருக்குத் தயாரித்த பக்கம் கேஷில் போய் உட்கார்ந்து, அடுத்து வந்த அனைவருக்கும் அதுவே போய்க்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். கோரிக்கையின் குக்கியை நாம் நேரடியாகப் படிக்கும்போது, பக்கம் அந்தக் குக்கியைப் பொறுத்து மாறும் என்று ஜாங்கோ தானாக அறிவிப்பதில்லை. செஷனைத் தொட்டால் அதன் மிடில்வேர் (கோரிக்கைக்கும் வியூவுக்கும் இடையில் ஓடும் நிரல்) 'வேரி' ஹெடரில் 'குக்கி' என்று சேர்க்கும். குக்கியை மட்டும் படித்தால் யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆகவே ஒரு சிறு மிடில்வேர் எழுதி, 'பேட்ச் வேரி ஹெடர்ஸ்' என்ற உதவி ஃபங்ஷன் மூலம் பதிலின் ஹெடரில் இதைச் சேர்க்க வேண்டும். மிடில்வேர் பட்டியலில், கேஷைப் புதுப்பிக்கும் மிடில்வேருக்குக் கீழே இதை வையுங்கள். பதில் திரும்பும்போது பட்டியல் கீழிருந்து மேலாக ஓடும் என்பதால், கேஷ் பதிலைச் சேமிப்பதற்கு முன் ஹெடர் சேர்ந்திருக்கும்.

இதுவும் முழுத் தீர்வு அன்று. ஒவ்வொரு வாசகரிடமும் வேறு வேறு குக்கிகள் இருக்கும்போது, குக்கிக்கு ஒரு பிரதி என்று கேஷ் பெருத்து, ஒரு பிரதியும் இருமுறை பயன்படாமல் போகலாம். சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களின் பிரதிகளைத் தரும் சிடிஎன் சேவைகள் சில 'குக்கி' என்ற சொல்லை ஹெடரில் பொருட்படுத்துவதும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் கேஷிலிருந்தே தரும் செய்தித்தளம் போன்ற ஒன்றைக் கட்டினால், சர்வர் தோற்றத்தை எழுதும் வழியைக் கைவிட்டு, தலைப்பகுதியில் ஸ்டைல் கோப்புக்கும் முன்பாக நான்கைந்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். அது குக்கியைப் படித்து, அனுமதித்த பெயர்தானா என்று பார்த்து, எச்டிஎம்எல் உறுப்பில் பண்பை எழுதட்டும். தனிக் கோப்பாக வைத்தால் 'டிஃபர்', 'அசிங்க்' இரண்டும் அதில் இருக்கக் கூடாது. உலாவி பக்கத்தை வரைவதற்கு முன் அது ஓடி முடிந்தால்தான் மின்னல் வராது. கேஷ் இல்லாத தளங்களுக்கு இது தேவையில்லை.

ஏழாம் படி: ஜாவாஸ்கிரிப்ட், கடைசியாக

இதுவரை செய்ததை ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தோற்றத்தைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் பக்கம் மீண்டும் திறந்து, புதிய தோற்றத்தில் நிற்க வேண்டும். அது நடந்த பிறகே, ரேடியோ பொத்தானைத் தொட்டவுடன் பண்பை மாற்றி, பின்னணியில் அதே வியூவுக்குப் படிவத்தை அனுப்பும் சிறு ஸ்கிரிப்டைச் சேருங்கள். டோக்கனையும் சேர்த்து அனுப்ப மறந்தால் 403 வரும்.

ஸ்கிரிப்டே குக்கியை எழுதிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். சஃபாரி அதை ஏழு நாட்களில் நீக்கிவிடும். 2019 முதல் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளுக்கு அங்கே அதுதான் உச்ச வரம்பு. லோக்கல் ஸ்டோரேஜும் தப்பாது. ஏழு நாள் உலாவிப் பயன்பாட்டில் வாசகர் உங்கள் தளத்தைத் தொடாவிட்டால் அதுவும் அழிக்கப்படும். வாரம் ஒருமுறை வரும் ஐஃபோன் வாசகருக்கு ஒவ்வொரு முறையும் தேர்வு மறந்துபோவது இதனால்தான். உங்கள் சர்வரே வைக்கும் குக்கிக்கு இந்த ஏழு நாள் வரம்பு இல்லை.

நிறங்கள், படங்கள், அச்சு

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற மாறுபாட்டு விகிதத்தை டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை வழிகாட்டி கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற சாம்பல் நிறம் 4.54 பெற்று மயிரிழையில் தேறுகிறது. அதைவிட ஒரே ஒரு படி வெளிறிய 777777 நிறம் 4.48 பெற்றுத் தோற்கிறது. கண்ணால் பார்த்து எவராலும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. உலாவியின் டெவலப்பர் கருவிகள் விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டும். ஒவ்வொரு தோற்றத்திலும் தேதி, படக்குறிப்பு போன்ற மங்கலான எழுத்துகளை அதைக் கொண்டே சோதியுங்கள்.

இருள் தோற்றத்தில் முழு வெள்ளை எழுத்தை முழுக் கறுப்பில் வைத்தால் விகிதம் 21-க்கு 1 ஆகிவிடும். உயர் மாறுபாட்டுத் தோற்றத்துக்கு அது சரி. ஆனால் நீண்ட நேரம் படிக்க, தமிழ் எழுத்தின் நெருக்கமான சுழிகள் கறுப்பில் ஒளிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் என் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னணியைக் கரும்சாம்பலாகவும் எழுத்தைச் சற்று மங்கிய வெள்ளையாகவும் வைத்து, வரி இடைவெளியை 1.7 அளவுக்குக் கூட்டினால் 'ணூ', 'ஞீ' போன்ற எழுத்துகளும் தெளிவாக நிற்கின்றன.

படங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பு எழுத்தில், பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக இருக்கும் சின்னம் இருள் தோற்றத்தில் காணாமல் போகும். உடனே பிக்சர் உறுப்பில் மீடியா நிபந்தனை வைத்து இரண்டு படங்களைத் தருவார்கள். அந்த நிபந்தனை கருவியின் அமைப்பைப் பார்க்குமே தவிர, நம் தளத்தில் வாசகர் தேர்ந்ததைப் பார்க்காது. இருள் கருவியில் வெளிரைத் தேர்ந்தவருக்கு வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சின்னம் வந்து நிற்கும். சின்னத்தை எஸ்விஜி வடிவில் பக்கத்துக்குள்ளேயே எழுதி, நிறத்தைச் சுற்றியுள்ள எழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதே எளிய வழி.

அச்சுக்கான மீடியா விதியில் எல்லா மாறிகளையும் வெள்ளைத் தாளுக்கும் கறுப்பு எழுத்துக்கும் திருப்பிவிடுங்கள். அந்த விதியின் எடை தோற்ற விதிகளின் எடைக்குக் குறையாமல் இருக்கட்டும், கோப்பின் கடைசியிலும் இருக்கட்டும்.

எட்டாம் படி: சோதனைகள்

ஜாங்கோவின் சோதனைக் கிளையன்ட்டில் குக்கியை வைத்து ஒரு பக்கத்தைக் கேட்க முடியும் என்பதால் இவற்றை எழுதுவது எளிது. குக்கி இல்லாமல் கேட்டால் 'டேட்டா-தீம்' பண்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. 'டார்க்' குக்கியோடு கேட்டால் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும், கோணக்குறிகள் நிறைந்த ஒரு சரத்தையும் குக்கியாக அனுப்பினால் 200 பதிலும் பண்பில்லாத பக்கமும் வர வேண்டும். வியூவுக்குக் கெட் அனுப்பினால் 405. வேற்றுத் தள முகவரியைத் திரும்பும் இடமாகத் தந்தால் முகப்புக்கே திரும்ப வேண்டும். பதிலின் 'வேரி' ஹெடரில் 'குக்கி' இருக்க வேண்டும். என் திங்கட்கிழமைப் பாடத்துக்குப் பிறகு நான் முதலில் எழுதுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

சோதனைகளால் பிடிக்க முடியாத ஒன்றுக்கு உங்கள் கண் வேண்டும். டெவலப்பர் கருவிகளில் இணைய வேகத்தைக் குறைத்துவைத்து, கருவியை வெளிரிலும் தளத்தை இருளிலும் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஐந்தாறு பக்கங்களைத் தொடர்ந்து திறந்து பாருங்கள். ஒரு பக்கத்திலாவது வெள்ளை மின்னினால், அந்தப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து எச்டிஎம்எல் குறியில் பண்பு இருக்கிறதா என்று பாருங்கள். பண்பு இல்லையென்றால் அந்த வியூ கோரிக்கையைக் கொடுக்காமல் டெம்ப்ளேட்டைத் தயாரிக்கிறது என்று பொருள், கான்டெக்ஸ்ட் ப்ராசசர் அங்கே ஓடவில்லை. பண்பு இருந்தும் மின்னுகிறது என்றால், மெட்டா குறி விடுபட்டிருக்கிறதா, ஸ்டைல் கோப்பு தலைப்பகுதியில் இல்லாமல் வேறெங்காவது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.